முருங்கை இலைச் சாற்றைச் சிவப்பழகு கிரீம் என்று விற்கலாமா?

கேள்வி: கரூர் மாவட்டம் அரவக்குறிச்சிப் பக்கம் எங்களுக்கு முருங்கைத் தோட்டம் இருக்கிறது. காய் விலை சரியும் மாதங்களில் இலையைப் பறித்து நிழலில் உலர்த்திப் பொடியாக விற்கிறோம். மகளிர் குழுவில் எட்டுப் பேர் சேர்ந்து சோப்பும் செய்கிறோம். இலைச் சாற்றை ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தோம். ஆன்டிஆக்சிடன்ட் ஆற்றல் நன்றாக இருப்பதாகவும், தோலைக் கறுப்பாக்கும் டைரோசினேஸ் என்ற என்சைமை 64 சதவீதம் தடுப்பதாகவும் அறிக்கை தந்திருக்கிறார்கள். இதை வைத்துச் சிவப்பழகு கிரீம் செய்து விற்கலாமா? சாறு எத்தனை சதவீதம் சேர்க்க வேண்டும்? மூலப்பொருள் விற்கும் ஒருவர், தன்னிடம் உள்ள வெள்ளை பேஸ் கிரீமில் எங்கள் சாற்றைக் கலந்தால் பத்தே நாளில் பலன் தெரியும் என்று ஒரு டப்பா கொடுத்திருக்கிறார். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் கம்பெனி ரகசியம் என்கிறார். முதலில் என் மகளுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பிளஸ் டூ படிக்கிறாள், கொஞ்சம் கறுப்பு. அவளே கேட்கிறாள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்ட அந்த வெள்ளை பேஸ் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். இலையைப் பற்றிப் பேச நிறைய நேரம் இருக்கிறது. டப்பா இப்போதே உங்கள் வீட்டில் இருக்கிறது. தயவுசெய்து அதை மகளுக்கும் பூசாதீர்கள், குழுவில் யாருக்கும் பூசாதீர்கள், உங்கள் சாற்றோடும் கலக்காதீர்கள்.

காரணம் எளிமையானது. தோலின் மேலடுக்கு அடியிலிருந்து வளர்ந்து, மேலே வந்து, உதிர்வதற்கு ஏறத்தாழ நான்கு வாரம் ஆகிறது. நிறமி உருவாவதை இன்று முழுவதுமாக நிறுத்திவிட்டாலும், ஏற்கெனவே மேலடுக்கில் ஏறிவிட்ட நிறமி உதிர்ந்து போக அந்த நான்கு வாரமாவது வேண்டும். ஆகவே பத்து நாளில் முகம் வெளுக்கிறது என்று ஒருவர் உறுதி சொன்னால், அங்கே வேலை செய்வது எந்த இலையும் இல்லை என்று நம்மால் கணித்துவிட முடியும். அவ்வளவு விரைவாக வெளுப்பைக் காட்டக்கூடியவை என்று கிரீம் உருவாக்கும் என் தொழிலில் நாங்கள் முதலில் சந்தேகிப்பது இரண்டு பொருள்களை: குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமுள்ள ஸ்டீராய்டுகள் ஒன்று, பாதரசம் இன்னொன்று.

ஸ்டீராய்டு தோலில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் முகம் சில நாள்களிலேயே வெளிறித் தெரியும். பருவின் சிவப்பும் அடங்கும். பூசுகிறவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும். சில மாதங்களில் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு இழைகள் தெரிந்து, பருவும் மெல்லிய முடியும் கிளம்பி, நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் இன்னும் மோசமாகி, மறுபடியும் அதே கிரீமைத் தேடிப் போகும் நிலை வந்துவிடும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கென்றே ‘ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம்’ என்று ஒரு பெயர் வைக்கும் அளவுக்கு இது இங்கே பெருகிவிட்டது. 2018-இல் மத்திய அரசு, தோலில் பூசும் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச்-இல் சேர்த்ததற்குப் பின்னணியும் இதுதான்.

பாதரசம் டைரோசினேஸில் இருக்கும் தாமிரத்தின் வேலையைக் கெடுத்து நிறமியைக் குறைக்கிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை, இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் உள்ள சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த மெம்பரனஸ் நெஃப்ரோபதி (சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகிச் சிறுநீரில் புரதம் கசியும் நோய்) நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தபோது, 15 பேருக்கு அந்த நோயின் நெல்-1 எனப்படும் அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நோய் தொடங்குமுன் சிவப்பழகு கிரீம் பூசி வந்தவர்கள். கால் வீங்கி, சிறுநீரில் நுரை தள்ளி மருத்துவமனைக்கு வரும் வரையில், அந்தக் கிரீமுக்கும் இந்த வீக்கத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று எந்தக் குடும்பமும் நினைத்துப் பார்ப்பதில்லை. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் பாதரசத்தைத் தடை செய்திருக்கின்றன. உங்களிடம் இருக்கும் டப்பாவில் இந்த இரண்டில் ஒன்று இருக்கிறது என்று பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. உள்ளடக்கத்தைச் சொல்ல மறுக்கிற ஒருவரிடமிருந்து முகத்தில் பூசும் பொருளை வாங்கக் கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

இனி உங்கள் இலைக்கு வருகிறேன். ஆய்வக அறிக்கையைப் புரிந்துகொள்ள உங்கள் சமையலறையே போதும். வாழைப்பூவை ஆய்ந்து நறுக்கும்போது பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் மோர் கலந்த தண்ணீர் வைத்துக்கொள்கிறீர்கள் அல்லவா? நறுக்கிய துண்டை வெளியே வைத்தால் நிமிடங்களில் பழுப்பேறிக் கறுக்கிறது. விரல் நுனியும் கறுக்கிறது. பூவின் செல்கள் வெட்டுப்பட்டதும் அதிலிருக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற என்சைம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, பூவிலுள்ள ஃபீனால் பொருள்களைக் குவினோன்களாக மாற்றுகிறது. அந்தக் குவினோன்கள் ஒன்றோடொன்று பிணைந்து கறுப்பு நிறமியாகின்றன. மோரின் புளிப்பு அந்த என்சைமை மந்தமாக்குகிறது. நம் தோலில் மெலனின் உருவாக்கும் டைரோசினேஸ் இதே குடும்பத்தைச் சேர்ந்த, இதே போல் தாமிரத்தை நடுவில் வைத்திருக்கும் என்சைம். அது டைரோசின் என்ற அமினோ அமிலத்தை டோபாவாகவும், பிறகு டோபாகுவினோனாகவும் மாற்றுகிறது. அங்கிருந்து மெலனின் வருகிறது. ஆய்வகத்தில் உங்கள் முருங்கைச் சாறு செய்த வேலை, வாழைப்பூவுக்கு மோர் செய்யும் வேலையைப் போன்றது.

அந்தச் சோதனைக் குழாயில் இருந்தது மனிதத் தோலின் டைரோசினேஸ் அல்ல. நாம் வாங்கிச் சமைக்கும் பட்டன் காளானிலிருந்து பிரித்தெடுத்த டைரோசினேஸ்தான் கல்லூரி ஆய்வகங்களில் பெரும்பாலும் பயன்படுகிறது, ஏனென்றால் அது எளிதாகக் கிடைக்கிறது. காளானின் என்சைமும் மனிதனின் என்சைமும் உறவினர்கள்தான் என்றாலும் உருவத்திலும் நடத்தையிலும் நிறைய வேறுபடுகின்றன. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், மனித டைரோசினேஸையே செயற்கையாக உற்பத்தி செய்து, அதன்மீது 50,000 வேதிப்பொருள்களைச் சோதித்துப் பார்த்தார்கள். நிறம் வெளுக்கும் கிரீம்களில் சேர்க்கப்படும், காளான் என்சைமை நன்றாகத் தடுக்கிற கோஜிக் அமிலம் மனித என்சைமிடம் மிகவும் சோர்ந்து போனது. மனித என்சைமை மிக நன்றாகத் தடுத்த தியாமிடால் என்ற பொருளுக்குக் காளான் என்சைமிடம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு வலுவே இருந்தது. காளானை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பொருளைக் கீழே போட்டிருப்பார்கள். இலைச் சாறு பற்றிய கட்டுரைகளைப் படிக்கும்போது, எந்த என்சைம் என்ற கேள்வியை நான் முதலில் கேட்பது இதனால்தான்.

64 சதவீதம் என்ற எண்ணையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த அடர்த்தியில் 64 சதவீதம் என்று அறிக்கையில் இருக்கிறதா? ஒரு மில்லி லிட்டரில் பத்து மைக்ரோகிராம் சாறு போட்டு 64 சதவீதம் வந்தால் அது பெரிய செய்தி. ஆயிரம் மைக்ரோகிராம் போட்டு வந்தால் அது அவ்வளவு பெரிய செய்தி அல்ல. அதே நாளில், அதே அளவுகோலில் கோஜிக் அமிலத்தையும் வைத்து ஒப்பிட்டார்களா? மூன்றாவதாக ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இந்தச் சோதனையில் உருவாகும் ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறத்தை 475 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்கிறார்கள். முருங்கைச் சாறே பச்சையும் பழுப்பும் கலந்த நிறமுள்ளது. சாற்றின் சொந்த நிறத்தைத் தனியாக அளந்து கழிக்காவிட்டால் கணக்கு தவறிவிடும். இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு: ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்த சாறு என்சைமைத் தொடாமலேயே, உருவான குவினோனைப் பழையபடி டோபாவாகத் திருப்பிவிடும். வைட்டமின் சி இப்படித்தான் செய்கிறது. எலுமிச்சைச் சாறு பிழிந்த பழத்துண்டு கொஞ்ச நேரம் வெளுப்பாக இருந்துவிட்டு, அந்த வைட்டமின் தீர்ந்ததும் கறுக்கத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது தாமதம், தடுப்பு வேறு. கல்லூரியில் உங்களுக்கு உதவிய ஆசிரியரிடம் இவற்றைக் கேளுங்கள். அவர் நேர்மையாக உழைத்தவராக இருந்தால் கேள்வியை வரவேற்பார்.

அறிக்கையின் மறுபாதியான ஆன்டிஆக்சிடன்ட் சோதனையை நீங்கள் நேரில் பார்த்தீர்களோ தெரியவில்லை. பார்க்க வேண்டிய காட்சி அது. டி.பி.பி.எச். என்ற பொடியை மெத்தனாலில் கரைத்தால் நாவற்பழத்தைக் கசக்கிய நிறம் வரும். அதில் இலைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிச்சம் படாமல் அரை மணி நேரம் வைத்து எடுத்தால், ஊதா மங்கி, இளமஞ்சளாகிவிடும். இணை தேடி அலையும் ஓர் எலக்ட்ரானோடு நிற்கும் அந்த மூலக்கூறுக்கு, சாற்றிலுள்ள ஃபீனால்கள் ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்து அமைதிப்படுத்திவிட்டன என்று பொருள். முருங்கை இலையில் குவெர்செட்டின், அதன் சர்க்கரை இணைந்த வடிவங்கள், குளோரோஜெனிக் அமிலம், வைட்டமின் சி எல்லாம் இருப்பதால் இந்தச் சோதனையில் அது நன்றாகவே தேறும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருபத்தாறு ஆண்டுகளாகக் கிரீமும் லோஷனும் உருவாக்குவதையே தொழிலாகச் செய்துவரும் எனக்கு, அந்த ஊதா நிறம் வெளுக்கும் கணம் இன்றும் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் வெளுத்தது குழாயில் இருந்த ஊதாச் சாயம்.

குழாயிலிருந்து முகத்துக்குப் போகும் வழியில் பெரிய மதில் ஒன்று இருக்கிறது. தோலின் மேலே இறந்த செல்களும் கொழுப்பும் செங்கலும் சுண்ணாம்பும் போல அடுக்கப்பட்ட மெல்லிய சுவர் அது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரு பங்கு கனம்தான். ஆனால் பொதுவாக 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட எடையுள்ள மூலக்கூறுகள் அதைத் தாண்டுவதில்லை என்பது மருந்தியலில் நாங்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. குவெர்செட்டின் 302 டால்டன், குளோரோஜெனிக் அமிலம் 354, அளவில் தேறுகின்றன. இலைகளில் பரவலாக உள்ள ரூட்டின் 610, டானின்கள் அதற்கும் மேல். அளவில் தேறியவற்றிலும், நீரில் மட்டுமே விருப்பமுள்ளவை கொழுப்புச் சுவரில் நுழையத் தயங்குகின்றன. மெலனின் செய்யும் மெலனோசைட் செல்கள் மேல்தோலின் அடித்தளத்தில், அந்தச் சுவருக்கும் கீழே உட்கார்ந்திருக்கின்றன. கிரீமில் நீங்கள் போட்டதில் எவ்வளவு அங்கே போய்ச் சேரும் என்பதற்கு உங்கள் அறிக்கையில் ஒரு வரியும் இல்லை, இருக்கவும் முடியாது. அந்தச் சோதனை அதற்காகச் செய்யப்பட்டதே அல்ல.

இலைகளில் நிறமியை உண்மையாகவே குறைப்பவை இல்லையா என்று கேட்டால், உண்டு. வடநாடுகளில் வளரும் பேர்பெரி என்ற சிறு புதரின் இலையில் அர்புட்டின் இருக்கிறது. மல்பெரி இலையிலிருந்தும் வேரிலிருந்தும் பிரித்த சில பொருள்களும், வேர் வகையில் நம் அதிமதுரத்தின் கிளாப்ரிடினும் இத்தகையவை. ஆனால் அர்புட்டின் என்பது ஹைட்ரோகுவினோனோடு ஒரு சர்க்கரை சேர்ந்த மூலக்கூறு. அந்த ஹைட்ரோகுவினோனை அளவின்றி ஆண்டுக்கணக்கில் பூசிய தென்னாப்பிரிக்கப் பெண்களின் கன்னத்தில் நீலக் கறுப்புப் படலம் படிந்ததை 1975-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். நிறமியைக் குறைக்கும் அளவுக்கு வலிமையுள்ள எந்தப் பொருளும், இலையிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும், மருந்துக்குரிய எச்சரிக்கையோடு கையாளப்பட வேண்டியதுதான்.

ஜப்பானில் நடந்ததை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ரோடோடெண்ட்ரால் என்ற பொருள் மேப்பிள் மரவகை ஒன்றிலும் வேறு சில தாவரங்களிலும் இயற்கையாகவே உள்ள ஃபீனால். அது டைரோசினேஸை நன்றாகத் தடுக்கிறது என்று கண்டு, அரசின் ஒப்புதலையும் 2008-இல் பெற்று, கானெபோ நிறுவனம் அதைச் சேர்த்து நிறம் வெளுக்கும் கிரீம்களை விற்றது. 2013 ஜூலையில் அவற்றையெல்லாம் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டி வந்தது. பூசிய பெண்களின் முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெண்குட்டம் போன்ற திட்டுகள். பாதிக்கப்பட்டோர் 18,000-க்கும் மேல். நடந்தது என்னவென்றால், டைரோசினேஸைத் தடுக்க வந்த அந்தப் பொருளையே டைரோசினேஸ் பிடித்து, நச்சுக் குவினோனாக மாற்றிவிட்டது. அந்த நஞ்சு மெலனோசைட்டையே கொன்றது. நிறுத்திய பிறகு பலருக்கு நிறம் திரும்பியது, சிலருக்குத் திரும்பவில்லை. அத்தனை வசதியுள்ள ஒரு நிறுவனம், அத்தனை சோதனைக்குப் பிறகு விற்ற பொருளிலேயே இது நடந்தது என்றால், நாம் ஒரு காளான் சோதனையை வைத்துக்கொண்டு எட்டுப் பேர் உழைப்பையும் வாங்குபவர் முகத்தையும் பணயம் வைக்கலாமா?

ஆகவே ‘சிவப்பழகு’ என்ற சொல்லை லேபிளில் போடாதீர்கள். அழகுசாதனப் பொருள் பயனாளரைத் தவறாக நம்பவைக்கும் எதையும் சொல்லக் கூடாது என்பது சட்டமும்கூட. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன்.

அதனால் முருங்கை இலைக்குக் கிரீமில் இடமில்லை என்று ஆகாது. அதற்கு உரிய இடம் ஆன்டிஆக்சிடன்ட் என்ற இடமே, அது மதிப்புள்ள இடம். வெயிலின் புற ஊதாக் கதிர் தோலில் படும்போது உருவாகும் ஆக்சிஜன் தனியுறுப்புகள் (இணையில்லாத எலக்ட்ரானோடு அலைபவை) தோலின் கொழுப்பையும் கொலாஜனையும் அரிக்கின்றன. மேல்மட்டத்தில் அவற்றைக் கொஞ்சம் தணிக்க இலைச் சாறு உதவ வாய்ப்பு உண்டு. பாகிஸ்தானில் 11 ஆண்களின் கன்னத்தில் முருங்கை இலைச் சாறு சேர்த்த கிரீமை மூன்று மாதம் பூசிப் பார்த்ததில் தோலின் மேற்பரப்பு சற்று மேம்பட்டதாகப் பதிவு இருக்கிறது. பதினொரு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான் என்றாலும், உங்கள் இலை மனித முகத்துக்குப் போய்ப் பார்த்த சோதனை அது என்பதால் எனக்கு அது காளான் சோதனையைவிடப் பெரிது. டப்பாவுக்குள்ளும் ஆன்டிஆக்சிடன்டுக்கு வேலை இருக்கிறது. கிரீமில் சேரும் எண்ணெய் காற்றுப் பட்டுக் காறல் வாடை அடிப்பதைத் தாமதப்படுத்த ரோஸ்மேரி இலைச் சாற்றை உணவிலும் அழகுசாதனத்திலும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில. இலை முற்றலா கொழுந்தா, எந்த மாதம் பறித்தது என்பதைப் பொறுத்து ஃபீனால் அளவு மாறும். ஒவ்வொரு தொகுதிக்கும் மொத்த ஃபீனால் அளவைக் கல்லூரியிலேயே பார்த்துக் குறித்து வையுங்கள். கொதிக்கக் கொதிக்கக் காய்ச்ச வேண்டாம். கிளிசரினும் நீரும் கலந்த கரைசலில், ஐம்பது அறுபது டிகிரி சூட்டில் ஊறவைத்து வடிகட்டினால் போதும். ஆல்கஹாலில் எடுத்தால் சாறு செறிவாக வரும், ஆனால் அதற்குத் தனி அனுமதி தேவைப்படும். இரும்புப் பாத்திரம் கூடவே கூடாது, ஃபீனால்கள் இரும்போடு சேர்ந்து மை போலக் கறுக்கும். போர்வெல் தண்ணீரிலும் இரும்பு இருக்கும். அந்த இரும்பு இருக்குமிடத்தில் ஆன்டிஆக்சிடன்டே எதிர்வேலை செய்து தனியுறுப்புகளைப் பெருக்கும். எனவே அயனி நீக்கிய நீரும், உலோகத்தைக் கட்டிவைக்கும் இ.டி.டி.ஏ. சிறிதளவும் அவசியம். பச்சை நிறம் அழகாக இருக்கிறது என்று பச்சையத்தை விட்டுவைக்காதீர்கள். வெளிச்சத்தில் அது தானே ஆக்சிஜனைத் தூண்டிவிடக் கூடியது, இரண்டு மாதத்தில் பழுப்பாகவும் மாறிவிடும். நீங்கள் கேட்ட அளவைப் பொறுத்தவரை, செறிவான சாறாக ஒன்று முதல் மூன்று சதவீதத்தில் தொடங்குங்கள். அதற்கு மேல் போனால் நிறமும் மணமும் பிசுபிசுப்பும் கூடுமே தவிரப் பலன் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பாதுகாப்புப் பொருள் சேர்க்காத ‘நூறு சதவீத இயற்கை’க் கிரீம் ஒன்றை ஒரு முறை என்னிடம் சோதிக்கக் கொண்டுவந்தார்கள். மூடியைத் திருகியதும் நனைந்த வைக்கோல் வாடை வந்தது. கிரீமின் மேற்பரப்பு மழமழப்பாகத்தான் இருந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தால், உள்விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய பஞ்சு படர்ந்திருந்தது. செய்த பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதம் நாற்பது பேருக்கு அதை அவர் விற்றிருந்தார். இலைச் சாறு நமக்கு மட்டுமல்லாமல் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் நல்ல உணவு. ஃபீனாக்சிஎத்தனால் போன்ற பாதுகாப்புப் பொருளை அனுமதித்த ஒரு சதவீத வரம்புக்குள் சேர்ப்பது இயற்கைக்குத் துரோகம் ஆகாது. ஒரு கிராம் கிரீமில் ஆயிரத்துக்கு மேல் நுண்ணுயிர் இருக்கக் கூடாது என்பதும், காரீயம் 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு), ஆர்சனிக் 2 பி.பி.எம். தாண்டக் கூடாது என்பதும் இந்தியத் தரநிலை. விற்பனைக்கு முன் இவற்றுக்கான சான்று கையில் இருக்க வேண்டும்.

உரிமம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் குழுவாகச் செய்பவர்கள் இதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். வீட்டில் செய்தாலும் குழுவில் செய்தாலும், கிரீமும் சோப்பும் விற்பனைக்கு என்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அழகுசாதன உற்பத்தி உரிமம் வேண்டும். சொந்தக் கூடம் கட்ட முடியாவிட்டால், உரிமம் பெற்ற ஒரு தொழிற்கூடத்தில் உங்கள் பெயரில் செய்துகொள்ளும் கடன் உரிமம் என்ற ஏற்பாடு இருக்கிறது. தொடக்கத்துக்கு அதுவே நல்லது. லேபிளில் உள்ளடக்கப் பட்டியல், தொகுதி எண், செய்த நாள், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், முகவரி, உரிம எண் எல்லாம் வர வேண்டும். பெயர் ‘முருங்கை இலைச் சாறு சேர்ந்த ஈரப்பதக் கிரீம்’ என்று இருக்கட்டும். உங்கள் ஊர் முருங்கைக்கு இருக்கிற பெயரே போதிய விளம்பரம்.

உரிமம் கையில் வரும்வரை, பச்சை இலையை அரைத்தாவது முகத்தில் பூசலாமே என்று குழுவில் யாராவது சொன்னால், எல்லா இலையும் சாது அல்ல என்று சொல்லுங்கள். எலுமிச்சைச் சாறு, அத்தி இலையின் பால், அருவதா இலை ஆகியவற்றில் சோராலன் வகைப் பொருள்கள் இருக்கின்றன. பூசிக்கொண்டு வெயிலில் போனால் தீக்காயம் போலக் கொப்புளம் கண்டு, ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பு நிற்கும். நம்மைப் போன்ற நிறத்தோலில் எரிச்சல் கறுப்பாக ஆறக்கூடும் என்பதால், வெளுக்கப் போய்க் கறுத்தவர்களும் உண்டு. முருங்கைக் கிரீமையும் முழங்கை மடிப்பில் ஒரு நாளைக்கு இரண்டு முறையாக ஒரு வாரம் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி உங்கள் மகள். சிவப்பானவர் தோலிலும் கறுத்தவர் தோலிலும் மெலனோசைட் செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். அவை செய்யும் மெலனினின் அளவும் வகையும், அது மேற்செல்களில் பரவும் விதமும்தான் வேறுபடுகின்றன, அது பிறப்பிலேயே அமைந்தது. அந்த மெலனின் அவளுடைய செல்களின் மரபுப்பொருளுக்கு மேல் குடையாக நிற்கிறது. அவளை மேல்கையின் உட்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் படாத அந்த இடத்தின் நிறம்தான் அவளுடைய நிறம். முகம் அதைவிடக் கறுத்திருந்தால், அந்த வித்தியாசம் மட்டுமே எந்த நல்ல கிரீமாலும் திரும்பப் பெறக்கூடியது, அதற்குச் சிறந்த பொருள் சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ளதை, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கிய அளவு, பள்ளிக்குக் கிளம்பும் முன் முகத்திலும் கழுத்திலும் பூசட்டும். இரவில் நான்கு அல்லது ஐந்து சதவீத நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) சேர்ந்த சாதாரண லோஷன் போதும். மெலனின் பொட்டலங்கள் மேற்செல்களுக்குப் போவதை அது குறைக்கிறது என்பதற்கு மனித முகத்தில் செய்த சோதனைகளே இருக்கின்றன. பிடரியும் அக்குளும் மட்டும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது கிரீமின் வேலையே இல்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டி இரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

அவளே கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரி என்னை நெடுநேரம் நிறுத்தியது. பதினேழு வயதில் கேட்கிறாள் என்றால், அவளுக்கு முன்னால் யாரோ அதைச் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று உட்கார்ந்து கேளுங்கள். முருங்கைக் கிரீம் செய்யும்போது பி.எச். பார்க்கவும் தொகுதிக் குறிப்பேடு எழுதவும் அவளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் படிக்கிறாள் என்றால், கல்லூரிக்கு அழைத்துப்போய் அந்த ஊதா நிறம் வெளுக்கும் சோதனையை அவளுக்குக் காட்டுங்கள்.

கல்லூரி ஆசிரியரிடம் சாற்றின் அடர்த்தியும், கோஜிக் அமில ஒப்பீடும், நிறம் கழித்த கணக்கும் கேட்டு வாங்கியபின் எனக்கு அனுப்புங்கள், கிரீமின் சேர்மான அளவை அதைப் பார்த்து எழுதித் தருகிறேன். அதுவரை அந்த வெள்ளை பேஸ் டப்பாவைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்ட வேண்டாம், பாதரசமாக இருந்தால் மண்ணுக்கும் கெடுதல். பாலித்தீன் பையில் கட்டி, விற்றவரின் ரசீது இருந்தால் அதையும் சேர்த்து, மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நாளைக்கே போக முடியாவிட்டால், இன்றிரவு அது மகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி இருக்கட்டும்.